வீட்டில் மின்சாரம் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே "அறையை விட்டு வரும்போது லைட்டை அணை" என்று ஒருவர் சொல்லிவிடுவார். அணைக்கட்டும், நல்லதுதான். ஆனால் பில் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த லைட் கிடையாது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பெருக்கத் தெரிந்தால் போதும்.

எதிலிருந்து தொடங்குவது?

சூடாக்குகிற, குளிர வைக்கிற சாதனங்களிலிருந்து. வாட்டர் ஹீட்டர், ஏசி, ரூம் ஹீட்டர், ஃபிரிட்ஜ், துணி உலர்த்தும் இயந்திரம், மின் அடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் படத்துக்கும் கொஞ்சம் மின்சாரம் போதும். ஒரு பொருளின் வெப்பநிலையை மாற்றத்தான் ஏகப்பட்டது வேண்டும். அதற்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை, வாட் குறைவாக இருந்தாலும் நாள் முழுக்க ஓடுகிறவை: ஃபேன், ரவுட்டர், செட் டாப் பாக்ஸ் போன்றவை.

யூனிட் என்பது 1 கிலோவாட் மணி. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், 10 வாட் சாதனம் 100 மணி நேரம் ஓடினாலும் அதே 1 யூனிட்தான். ஆகவே வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சின்ன சாதனம்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம், வாட்டையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். 2000 வாட் என்று எழுதியிருக்கும் கெட்டிலைப் பார்த்தால் பெரிதாகத் தெரியும், ஆனால் அது ஓடுவது நாளைக்குச் சில நிமிஷம்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் சின்ன மின் அளவி ஒன்று கிடைக்கும். அதில் சாதனத்தை மாட்டினால் அந்த நொடியில் எத்தனை வாட் போகிறது, மொத்தம் எத்தனை யூனிட் ஆனது என்று காட்டிவிடும். ஃபிரிட்ஜை மட்டும் ஒரு முழு நாளாவது மாட்டி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு நிமிஷத்து வாட்டைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஏசி, வாட்டர் ஹீட்டர் மாதிரி பெரியவற்றுக்கு அந்த அளவி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அது இல்லாமலும் ஒரு வழி உண்டு. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே 1 யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நொடிக்கு ஒரு தடவை மினுக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 360 தடவை. 360-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.1125 கிலோவாட், அதாவது வீடு மொத்தமும் அப்போது 112 வாட் எடுக்கிறது. ராத்திரி தூங்கப் போகும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இதைப் பாருங்கள். அணைத்ததாக நினைத்த பிறகும் 100 வாட் போய்க்கொண்டிருந்தால், ஃபிரிட்ஜ் அப்போது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கித் தேட ஆரம்பிக்கலாம்.

ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது?

உங்களுக்கு வியர்க்காத அளவில் எது அதிகபட்சமோ அது. 26-ல் வைத்துவிட்டுக் கூடவே ஃபேனை மெதுவாக ஓட விட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதுமாக இருக்கும். காரணம் எளிமையானது. சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே கசியும் வெப்பம், வெளி வெப்பநிலைக்கும் உள் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 36 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 16. உள்ளே 26 என்றால் 10 தான். கசிவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது, ஏசி வெளியே தள்ள வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும்.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நிறையப் பேருக்கு இருக்கும் நம்பிக்கை. சாதாரண ஏசியில் கம்ப்ரஸருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலைதான். எந்த எண்ணை வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், குறைந்த எண்ணை வைத்தால் நிற்பதற்கு இன்னும் நேரமாகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்றாலும், அறை நன்றாகச் சூடாக இருக்கும்போது 24-க்கும் அது முழு வேகத்தில்தான் தொடங்கும்.

ஃபில்டரைக் கழுவுங்கள். தூசி அடைத்த ஃபில்டரோடு ஓடும் ஏசி காற்றை இழுக்கவே சிரமப்படும், குளிர்ச்சி குறையும், ஓடும் நேரம் கூடும். வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியைச் சுற்றிச் சாமான் அடுக்காதீர்கள், அது தள்ளுகிற வெப்பம் போவதற்கு இடம் வேண்டும்.

கொஞ்ச நேரம் வெளியே போகும்போது அணைக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

அணையுங்கள். "அணைத்துவிட்டு மறுபடி போட்டால் குளிர வைக்க இன்னும் அதிகமாகச் செலவாகும்" என்று சொல்வார்கள், குளிர்நாடுகளில் ஹீட்டரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். இரண்டும் சரியில்லை. ஏசியை அணைத்ததும் அறை சூடாகத் தொடங்கும், அறை சூடாக ஆக வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பத்தின் வேகம் குறைந்துகொண்டே போகும். அணைத்து வைத்த நேரத்தில் உள்ளே வந்த மொத்த வெப்பம், ஏசி ஓடிக்கொண்டிருந்தால் வந்திருக்கக் கூடியதைவிடக் குறைவுதான். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வருவதாக இருந்தால் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை, இஷ்டம் போல் செய்யலாம்.

ஏசி ஓடியும் அறை குளிரவில்லை, பெரிய ஏசி வாங்க வேண்டுமா?

அதற்கு முன் வெயில் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். 1 டன் ஏசி என்பது நொடிக்கு நொடி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளக்கூடியது. (ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம் அது, அந்தக் காலத்து அளவுமுறை.) மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம் 2 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னலில் நேராக வெயில் அடித்தால், சுமார் ஒரு கிலோவாட் வெப்பம் அந்த ஜன்னல் வழியாகவே வந்துவிடும். அதாவது ஏசியின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு ஜன்னலுக்கே போகிறது.

திரைச்சீலை போட்டிருக்கிறோமே என்பீர்கள். உள்பக்கத் திரையில் விழுந்த வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில். திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். நீட்டிய சன்ஷேட், மூங்கில் தட்டி, வெளிப்பக்க ஷட்டர், மரம், எதுவாக இருந்தாலும் சரி. கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருப்பதால் சன்ஷேட்டுக்கு அடியில் புகுந்து வந்துவிடும். அங்கே செங்குத்தாகத் தொங்கும் தட்டிதான் வேலை செய்யும்.

அப்புறம் மொட்டை மாடி. நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 1000 வாட். 50 சதுர மீட்டர் கூரை என்றால் 50 கிலோவாட் அதன் மேல் கொட்டுகிறது. கான்கிரீட் அதைப் பகல் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி அறைக்குள் விடும். மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் பத்து மணிக்கும் புழுங்குவதற்கு இதுதான் காரணம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, கூரைக்கு மேல் நிழல் போடுவது, கூரையில் வெப்பத்தடுப்பு வைப்பது ஆகிய மூன்றில் எதைச் செய்தாலும் வித்தியாசம் தெரியும். பூச்சில் தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும். என்னைக் கேட்டால் ஏசியை மாற்றுவதற்கு முன் கூரையைத்தான் கவனிப்பேன்.

குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறோம், எங்களுக்கு?

கணக்கு அதேதான், திசைதான் வேறு. நீங்கள் முதலில் அடைக்க வேண்டியது இடுக்குகளை. கதவுக்கு அடியில், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில், குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் எல்லாம் சூடான காற்று வெளியே போய்க் குளிர் காற்று உள்ளே வரும். காற்று அடிக்கிற நாளில் ஈரக் கையை ஓரமாக நகர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரப்பர் பட்டையும் சீலன்ட்டும் போட்டால் முடிகிற வேலை இது. அதற்கடுத்து கூரைக்கடியில் வெப்பத்தடுப்பு, அதன் பிறகுதான் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஏனென்றால் அதற்குச் செலவு அதிகம், போட்ட பணம் திரும்பி வர நாளாகும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டுக்குள் எரிவாயு ஹீட்டரோ விறகடுப்போ இருந்தால் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு உட்காரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகைபோக்கியும் காற்றோட்டமும் சரியாக இருக்க வேண்டும், அந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்தும் அலாரம் ஒன்றும் வேண்டும்.

ஃபேனை மெதுவாக ஓட விட்டால் மின்சாரம் குறையுமா?

எந்த ரெகுலேட்டர் என்பதைப் பொறுத்தது. பழைய பெட்டி ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும், தொட்டுப் பார்த்தால் சுடும், அதில் வேகத்தைக் குறைத்தும் பெரிய லாபமில்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறையும். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன ரக மோட்டார் உள்ளது 30 வாட்டை ஒட்டி எடுக்கும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் 45 வாட் மிச்சம் என்றால் வருஷத்துக்கு 197 யூனிட், அதுவும் ஒரே ஒரு ஃபேனில். விருந்தினர் அறையில் எப்போதாவது சுற்றும் ஃபேனை மாற்றுவதற்கு அவசரம் இல்லை.

ஆளில்லாத அறையில் ஃபேனை ஓட விடாதீர்கள். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, உங்கள் தோலில் இருக்கும் வியர்வையை உலர்த்துகிறது. நீங்கள் இல்லாத அறையில் அந்த மோட்டார் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கிறதே தவிர வேறொன்றும் செய்வதில்லை.

வாட்டர் ஹீட்டரில் என்ன செய்யலாம்?

வெந்நீரைக் குறைவாகப் பயன்படுத்தலாம். இதைவிடப் பெரிய வழி எதுவும் இல்லை. 15 லிட்டர் நீரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.6 யூனிட் வேண்டும், எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் சரி. அது இயற்பியல், அதில் விளம்பரத்துக்கு இடமில்லை. நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் 10 நிமிஷம் நின்றால் 80 லிட்டர், அதை 40 டிகிரியில் வைத்திருக்க 1.4 யூனிட். ஐந்து நிமிஷத்தில் முடித்தால் பாதி.

நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. டேங்க் வெளியே விடும் சூட்டை ஈடுகட்ட அது அடிக்கடி எரிந்துகொண்டே இருக்கும். குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன் போட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். பெரிய டேங்கில் நாள் கணக்கில் வெந்நீரைத் தேக்கி வைப்பவர்கள் மட்டும் மிச்சம் பிடிக்கிறேன் என்று 45, 50 டிகிரியில் விட்டுவிடக் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், டேங்கை 60 டிகிரியில் வைப்பதுதான் பாதுகாப்பு.

பெரிய குடும்பம், தினமும் நிறைய வெந்நீர் செலவாகிறது என்றால் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பற்றி விசாரியுங்கள். அது வெப்பத்தை உண்டாக்காமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்து நீருக்குள் தள்ளுவதால் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். சூரிய வாட்டர் ஹீட்டர் வைக்கக் கூரையில் இடம் இருந்தால் அதுவும் நல்ல வழி.

ஃபிரிட்ஜை அடிக்கடி திறந்தால் பில் ஏறுமா?

குழந்தைகளை இதற்காகத் திட்டுவதை விட்டுவிடலாம். திறக்கும்போது வெளியே போவது குளிர்ந்த காற்று, காற்றில் அடங்கும் வெப்பம் மிகக் குறைவு. குளிர்ச்சி முழுக்க உள்ளே இருக்கும் பொருள்களில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நிற்பதுதான் கூடாது. அதைவிடப் பெரிய பிரச்சினை கதவு ஓரத்து ரப்பர். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உள்ளே 4 டிகிரி, ஃபிரீசர் மைனஸ் 18, இதற்குக் கீழே போக வேண்டிய தேவை இல்லை. சூடான சாப்பாட்டை அப்படியே வைக்காமல் ஆறவிட்டு வையுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள், மின்சாரத்தைவிட வயிறு முக்கியம். அடுப்புக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் நகர்த்திவிடுங்கள், சுவருக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். புது ஃபிரிட்ஜ் வாங்கிய பிறகு பழசைப் பின்கட்டில் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஓட விடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை.

சமையலில் மிச்சம் பிடிக்க முடியுமா?

மூடி போடுங்கள். ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.09 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவாகவே வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல், ஏழு மடங்கு. திறந்த பாத்திரத்திலிருந்து எழும்பும் ஆவிதான் உங்கள் செலவு. இன்னொன்று, கொதி வந்த பிறகு தீயைக் குறைத்தாலும் சமையல் தாமதமாகாது. திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகவே ஆகாது, எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் கூடும். பிரஷர் குக்கர் அழுத்தத்தால் அந்த 100-ஐ 120-க்கு உயர்த்திவிடுவதால்தான் சீக்கிரம் வேகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே உண்டாகிறது, வாயு அடுப்பில் பெரும் பங்கு பக்கவாட்டில் போய் அறையைச் சூடாக்குகிறது. எது செலவு குறைவு என்பது உங்கள் ஊரில் மின்சாரம், வாயு இரண்டின் விலையைப் பொறுத்தது.

வாஷிங் மெஷின்?

வெந்நீர்ச் சலவையைத் தவிர்த்துவிட்டால் மெஷின் எடுப்பது கொஞ்சம்தான், ஏனென்றால் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகிறது. உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிவேகச் சுழற்சியில் பிழிந்துவிட்டு அதில் போடுங்கள். கொடி கட்ட இடமிருந்தால் அதுவும் வேண்டாம்.

செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்க வேண்டுமா?

பிடுங்கினால் நல்லது, பிடுங்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஒன்றும் மாட்டாத நல்ல சார்ஜர் அரை வாட்கூட எடுக்காது. ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வருஷம் முழுக்க விடாமல் 1 வாட் போனால் 8.76 யூனிட், 9 என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போது எதைப் பார்த்தாலும் மதிப்புப் போட்டுவிடலாம். 10 வாட் ரவுட்டர் 88 யூனிட். ரிமோட்டில் அணைத்தும் 12 வாட் எடுக்கும் செட் டாப் பாக்ஸ் நூறைத் தாண்டும். கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், பிரின்டர் எல்லாவற்றையும் ஸ்விட்ச் வைத்த ஒரே நீட்டிப்புப் பெட்டியில் மாட்டினால் தூங்கும் முன் ஒரு தட்டு போதும்.

லைட்டெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றியாயிற்று, பில் குறையவில்லையே?

முன்பு குண்டு பல்பு இருந்திருந்தால் குறைந்திருக்கும். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். ஏற்கெனவே டியூப்லைட்டோ சி.எஃப்.எல்.லோ இருந்திருந்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள், 800 லூமன் என்பது அந்த 60 வாட் பல்புக்குச் சமம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். செலவு குறைந்ததும் நாம் அதிகமாகப் பயன்படுத்துவோம். 1865-லேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் இதைப் பிரிட்டனின் நிலக்கரி விஷயத்தில் சொல்லிவிட்டார்: நீராவி இயந்திரங்கள் சிக்கனமானவுடன் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. இன்வெர்ட்டர் ஏசிதானே என்று பகலிலும் போட ஆரம்பித்தால் அதே கதைதான்.

பிளக்கில் மாட்டினால் 40 சதவீதம் மிச்சம் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான் இருக்கும். அது பவர் ஃபேக்டர் எனப்படும் ஒன்றைத் திருத்தலாம், ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது நிஜமாகச் செலவான கிலோவாட் மணியை. அதை அந்தப் பெட்டி தொடுவதே இல்லை. அந்தப் பச்சை விளக்குக்கு வேறு தனியாக மின்சாரம் போகும்.

பழைய சாதனம் நன்றாகத்தான் ஓடுகிறது, மாற்றலாமா?

மிச்சமாகும் வாட்டை ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள், அதை 365-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்று வந்துவிடும், யூனிட் விலையால் பெருக்கினால் பணம். புதுச் சாதனத்தின் விலை நாலைந்து வருஷத்தில் திரும்பி வந்தால் மாற்றலாம், பத்து வருஷம் என்றால் பழசு பழுதாகும்வரை ஓட்டுங்கள். சாதனத்தில் ஒட்டியிருக்கும் ஆற்றல் சிட்டையில் நட்சத்திரத்தையோ எழுத்தையோ மட்டும் பார்க்காமல் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், பெரிய ஃபிரிட்ஜ் அதிக நட்சத்திரம் வாங்கியும் சின்ன ஃபிரிட்ஜைவிட அதிகம் சாப்பிடும்.

வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது?

கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியவற்றில் செலவு செய்யுங்கள்: ஃபேன், பல்பு, வெளிப்பக்கம் தொங்கும் தட்டி, கதவுக்கடியில் வைக்கும் பட்டை, குறைவாக நீர் விடும் ஷவர் தலை. கூரைப் பூச்சு பற்றி வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள், கூரையின் ஆயுளும் கூடும் என்று சொன்னால் சிலர் காது கொடுப்பார்கள்.

சோலார் போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாம்தானே?

முதலில் செலவைக் குறையுங்கள், அதற்குப் பிறகு பேனலை அளவெடுங்கள். நாளைக்கு 12 யூனிட் செலவாகும் வீட்டை 8-க்குக் கொண்டுவந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைவான பேனல் போதும். பேனல் வந்த பிறகு பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி இல்லாத அமைப்பு என்றால் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் வெயில் இருக்கும்போதே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிடுங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் பேனல் தருவது போதாமல் மிச்சத்தை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டி வரும்.